மூணு ராணி

பங்கஜம் சீட்டை மெதுவாக விரித்துப் பார்த்தாள். மூன்றும் ராணி. மூன்று ராஜாவோ மூன்று ஆஸோ வந்தால்தான் இதை அடிக்க முடியும்.

ஆனால் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பங்கஜத்தின் முகத்தைப் படித்தவர் அந்த வீட்டில் யாரும் கிடையாது. அதில் அவளுக்கு உள்ளூர ரொம்பப் பெருமை.

தீபாவளிக்கு மறுநாள்தான் அவர்களுடைய தி. நகர் ஜவுளிக்கடைக்கு லீவு. மத்தியானம் சாப்பிட்டானதும் பாயை விரித்து மூணு சீட்டு ஆடுவார்கள். காசு கிடையாது, ஜாக்கெட் பட்டன்தான் பந்தயம். அத்தனை பட்டனையும் ஜெயிப்பவர் ஒன்று கேட்கலாம். வீடு மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட வேண்டும்.

வருஷா வருஷம் ஜெயிப்பது அவள் புருஷன் கனகராஜ்தான். எவ்வளவு நல்ல சீட்டு வந்தாலும் பங்கஜம் கவிழ்த்து வைத்துவிடுவாள். ஜெயித்த மனுஷன் பொங்கல் வரைக்கும் சிடுசிடுக்க மாட்டார் என்பது அவள் கணக்கு.

இந்த வருஷம் அப்படி விட முடியாது. பொங்கல் கொள்முதலுக்குச் சூரத் போக வேண்டும் என்று மருமகள் சரண்யாவுக்கு ஆசை. துணியைத் தொட்ட மாத்திரத்தில், இது ஓடும், இது ஓடாது என்று சொல்லிவிடுவாள். மகன் ஆனந்தகுமார் போன தடவை வாங்கி வந்த கடுகு நிறப் புடவைகள் இன்னும் குடோனில் தூங்குகின்றன. அவளையே அனுப்புங்கள் என்று அவனே கெஞ்சிப் பார்த்துவிட்டான்.

கனகராஜ் அசையவில்லை. போன மாசம் ஊரிலிருந்து வந்திருந்த அண்ணன் ராஜரத்தினத்தின் முன்னால், நம்ம வீட்டுப் பொம்பளைகள் கொள்முதலுக்குப் போகிற வழக்கம் இல்லை என்று வாயை விட்டுவிட்டார். சொன்ன சொல்லை அவர் மாற்றியதாகச் சரித்திரமே கிடையாது.

மகனும் மருமகளும் பட்டனெல்லாம் தோற்றுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். களத்தில் புருஷனும் பெண்டாட்டியும்தான்.

பங்கஜம் யோசித்தாள். பட்டனை அள்ளிக் கொட்டினால் அவர் உஷாராகிக் கழன்றுகொள்வார். மூன்று ராணியும் வீண். பம்மிப் பம்மி ஆடினால் தானாக வந்து விழுவார். ஒருவேளை அவரும் பம்முகிறாரோ? கை தன்பாட்டுக்குக் கால் மெட்டியைத் திருகிக்கொண்டிருந்தது.

நல்ல பட்டுப்புடவையை முதலிலேயே பிரித்துக் காட்டக்கூடாது என்று கடையில் எல்லோருக்கும் பாடம் நடத்துகிறவர் அவர்தானே. அவர் பாடத்தையே அவருக்கு நடத்திவிடலாம் என்று முடிவு செய்தாள்.

பெருமூச்சு விட்டபடி இரண்டே இரண்டு பட்டனைத் தள்ளினாள்.

கனகராஜ் நான்கு வைத்தார். அவள் தயங்கித் தயங்கி நான்கு வைத்தாள். அவர் எட்டுக்குப் போனார். அவள் சீட்டைக் கவிழ்க்கப் போவதுபோல் பாவனை செய்துவிட்டு எட்டு வைத்தாள். கடைசியில் அவர் மிச்சமிருந்த பட்டன் மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். அவளும் தள்ளினாள்.

"காட்டு."

மூன்று ராணியும் பாயில் வரிசையாக உட்கார்ந்தன. சரண்யா வாயைப் பொத்திக்கொண்டாள். கனகராஜ் தன் சீட்டைக் காட்டாமலே கட்டோடு கலந்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார்.

"சரண்யா சூரத்துக்குப் போகணும்."

கனகராஜ் சீட்டுக்கட்டைத் தட்டி அடுக்கி வைத்தார்.

"சீட்டுல தோத்தாச்சு. அண்ணன் கேட்டா அதைத்தான் சொல்லணும்," என்று எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

பங்கஜத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. காபி கொண்டுபோய்க் கொடுத்தவள் சும்மா வந்திருக்கலாம். பெருமை விடவில்லை.

"ஆள் முகத்தைப் பார்த்தே மனசைப் படிச்சிடுவேன்னு பீத்திக்குவீங்களே. என் முகத்துல ஒண்ணும் தெரியலையா?"

"உன் முகத்துல ஒண்ணும் தெரியாது. நல்ல சீட்டு வந்தா மெட்டியைத் திருகுவே. கல்யாணமான வருஷத்துலேருந்து பார்க்கிறேன்."

பங்கஜம் குனிந்து தன் மெட்டியைப் பார்த்தாள். "அப்போ, இத்தனை வருஷமா நான் விட்டுக்கொடுத்ததெல்லாம்?"

"தெரியும். ஜெயிக்கறதுக்கு நல்லாத்தானே இருந்துச்சு," என்றார் கூச்சமே இல்லாமல்.

"இன்னைக்கு?"

கனகராஜ் காபியை ஆற்றினார்.

"உன் கை எப்போ மெட்டிக்குப் போகும்னு மத்தியானத்துலேருந்து காத்துக்கிட்டிருந்தேன். இனிமே கேட்டா சூரத் வண்டியில இடம் கிடைக்குமா? அண்ணன் ஊருக்குப் போன மறுநாளே டிக்கெட் போட்டுட்டேன், சரண்யா பேர்ல."