சுத்தமான ரத்தம்

ரிச்சர்ட்ஸ் டவுன் கிளினிக்கில் கோவிந்தராஜனின் பல்லைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஜெசிந்தாவின் கையுறையைக் கருவி கிழித்து, விரலில் ஆழமாகக் குத்திவிட்டது. அவள் பதறிப்போனாள்.

“சார், தயவுசெஞ்சு இன்னைக்கே ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க.”

“என்னம்மா, என்னைப் பார்த்தா சீக்குக்காரன் மாதிரியா இருக்கு? என் ரத்தம் சுத்தம்!”

வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

“நல்ல பேஷண்டை விரட்டிட்டியே!” என்றார் டாக்டர்.

“அவர் ரத்தம் சுத்தமாத்தான் இருக்கும் டாக்டர். அவர் வாயில பட்டது என் ரத்தம். எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்குன்னு போன மாசமே சொன்னேனே! வேற ஆள் கிடைக்கட்டும், அதுவரைக்கும் வெளியில மூச்சு விடாதேன்னீங்க.”

கழுவிக் காயப்போட்டிருந்த கையுறைகளில் ஒரு ஜோடியை உருவி டாக்டர் நீட்டினார்.

“மாட்டிக்கோ. அடுத்தவங்க காத்திருக்காங்க.”