எமேகா மேடை ஏறுகிறார்

கோவை துடியலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். நாடகம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரமே இருக்கிறது. மணமகள் அறையின் வெள்ளை வெளிச்சத்தில் கவின் கண்ணை மூடி, முகத்தைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். திருப்பூருக்குப் பனியன் வாங்க வரும் நைஜீரிய வியாபாரி வேடம் அவனுக்கு. மேக்கப் போடும் இல்மா கறுப்புச் சாயத்தில் பஞ்சைத் தோய்த்துவிட்டு நிமிர்கிறாள். கதவோரம் எமேகா நிற்கிறார். நிஜமாகவே நைஜீரியாவிலிருந்து வந்து திருப்பூரில் பனியன் வியாபாரம் செய்கிறவர். ஒத்திகையில் உதவ வந்தவர். அவர் பார்வை சாயக் கிண்ணத்தின் மேலேயே இருக்கிறது. இல்மாவின் கை தானாக இறங்குகிறது. "என்னால இதைப் பூச முடியாதுங்கண்ணா," என்கிறாள் இயக்குநர் தம்பிதுரையிடம். "அவரே நடிக்கட்டுங்க." தம்பிதுரை வாயைத் திறப்பதற்குள் கவின் எழுந்து, வேடத்துச் சட்டையைக் கழற்றி எமேகாவிடம் நீட்டுகிறான்.

திரை விலகுகிறது. எமேகாவைக் கண்டதும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்புகிறது. அது எந்த மாதிரிச் சிரிப்பு என்று மேடையோரம் நிற்கும் இல்மாவுக்குப் பிடிபடவில்லை. அந்த வேடத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பது தப்பும் தவறுமான தமிழ். அதை விட்டுவிட்டு எமேகா தினமும் கடைவீதியில் பேசுகிறபடியே, கடைக்காரியாக நடிப்பவரிடம் பேசுகிறார்: "ஏனுங்கக்கா, பசிக்குதுங்க. சாப்பிட்டுப்போட்டு வாரேனுங்க, அப்புறம் விலை பேசலாமுங்க." சிரிப்பு அடங்குகிறது. முன்வரிசையில் ஓர் அம்மாள் நாடகம் என்பதையே மறந்து, "மெதுவா சாப்பிட்டு வாங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க" என்கிறார். மண்டபமே கலகலக்கிறது. மேடையிலிருந்தே அவரைக் கும்பிட்டு, "சரிங்க" என்கிறார் எமேகா. இப்போது இல்மாவும் வாய்விட்டுச் சிரிக்கிறாள்.