வெட்டிய கை

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து ஊருக்குப் போயிருந்த செல்லையா, ஆறு மாதம் கழித்துத் தியாகராய நகர் வீட்டுக்குத் திரும்பினார். கொல்லையில் அவர் ஆசையாக வளர்த்த திராட்சைக் கொடி மொட்டையாக நின்றது.

"சாவி பாய்கிட்டதானே இருந்துச்சு? அடுப்பெரிக்க வெட்டிட்டாரு" என்றார்.

"பக்கத்து வீடுதானே, ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் மனைவி பாக்கியம்.

"கேக்க என்ன இருக்கு?"

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அன்வர் பாஷா தொழுகைக்குப் போன நேரத்தில், செல்லையா அரிவாளோடு சுவர் ஏறிக் குதித்து அவருடைய கொடியையும் அதேபோல் வெட்டிப் போட்டார். அன்றோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டார்.

நாலு மாதத்தில் இரண்டு கொடிகளும் கொத்துக் கொத்தாகக் காய்த்தன. செல்லையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாஷா தட்டு நிறையத் திராட்சையோடு வாசலில் வந்து நின்றார்.

"கவாத்து பண்ணாதான் அண்ணாச்சி திராட்சை காய்க்கும். உங்க கொடிய வெட்டி உட்டேன். அப்புறம் தோள்வலி, என்னோடத வெட்ட முடியல. நீங்க வந்து வெட்டிட்டுப் போனதை எதிர்வீட்டுல பார்த்துச் சொன்னாங்க. செஞ்சதை ஒரு நாள்கூட நீங்க சொல்லிக் காட்டலியே."

பாக்கியம் கணவரைப் பார்த்தாள்.

"அடுத்த தடவையும் உங்க கையாலதான் வெட்டணும்" என்றார் பாஷா.

தட்டை வாங்க நீட்டிய கையைச் செல்லையா மெல்ல இழுத்துக்கொண்டார்.