ராக்கெட்டின் கால்

"உண்மையைச் சொல்லுங்க கந்தப்பன், ஒரே நேரத்துல எத்தனை பேரை ஏத்துறீங்க?"

டாக்டர் அனுராதாவின் குரலில் சூடு ஏறியிருந்தது. ஊட்டி ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் குதிரையான ராக்கெட், மூன்றாவது வாரமாக இடது முன்னங்காலை நொண்டிக்கொண்டு வந்து நின்றது.

"சத்தியமா ஒரே ஆளுதானுங்க. ஒரு அடி அடிச்சதில்லீங்க."

அனுராதா நம்பவில்லை. உடம்பெங்கும் தடவிப் பார்த்தாள். சாட்டைத் தழும்பு ஒன்றுகூட இல்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அவளுடன் சேர்ந்து அந்தக் குதிரை ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டர் ரமணன், வழக்கம்போல ஒரு கேரட்டை ஊட்டிவிட்டுக் குளம்பைத் தட்டிப் பார்த்தார். எக்ஸ்ரேயும் எடுத்தார்.

"கால்ல ஒண்ணுமே இல்லை அனு."

"அப்ப இந்த ஆள் எதையோ மறைக்கிறார். குதிரை இன்னிக்கு இங்கேயே இருக்கட்டும்."

கந்தப்பன் முணுமுணுத்தபடி வாசலில் போய் உட்கார்ந்தார்.

சற்று நேரம் கழித்து அனுராதா லாயத்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ராக்கெட் நாலு காலையும் நன்றாக ஊன்றி, மூலையிலிருந்த கேரட் கூடையை நோக்கி ராஜநடை போட்டுக்கொண்டிருந்தது. அவள் கதவைத் திறந்ததும் திடுக்கிட்டு நின்றது. பிறகு பரிதாபமாக ஒரு முன்னங்காலைத் தூக்கிக் காட்டியது.

வலது காலை.

பின்னாலேயே கந்தப்பன் ஓடி வந்தார். "என்ன கோளாறுன்னு தெரிஞ்சுதுங்களா டாக்டர்?"

ராக்கெட் அவளையே பார்த்தது.

"நரம்புக் கோளாறு," என்றாள் அனுராதா, கந்தப்பனின் முகத்தைப் பார்க்காமல். "வாரத்துல ஒரு நாள் லீவு குடுத்தீங்கன்னா சரியாயிடும்."