அன்னக்கொடியின் முந்தானை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. அன்னக்கொடியின் கதையைச் சொல்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதிலேயே அவள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். வீட்டு ஆசை ஒன்றுக்கு முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டால், தன் ஆசை ஒன்றுக்கும் ஒரு முடிச்சு. நிறைவேறியதும் அவிழ்த்துவிடுவாள். தினமும் சேலை மாற்றும்போது, மிச்சமிருப்பதை மாற்றுச் சேலையில் மறுபடி முடிந்துகொள்வாள். "இத வச்சு மாட்டையே கட்டலாம்டி" என்று புருஷன் சிரிப்பான். மகனின் படிப்பு, ஓட்டு வீடு, மகள் தெய்வானையின் கல்யாணம் என்று வீட்டு முடிச்சுகள் ஒவ்வொன்றாய் அவிழ்ந்தன. சைக்கிள் பழகுவதும் கடலைப் பார்ப்பதும் முந்தானையிலேயே கிடந்தன.

வயதாகி, படுக்கையில் விழுந்து, நினைவும் தடுமாறிய பிறகு ஒருநாள், சேலை மாற்றிவிட்ட தெய்வானை முடிச்சுப் போட மறந்துவிட்டாள். அன்னக்கொடி முந்தானையைத் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ஏடி, ஒண்ணையும் காணோம். எல்லாம் ஆயிருச்சா?"

தெய்வானை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆயிருச்சும்மா."

"சைக்கிள் ஓட்டுனேனா?"

"விழாம ஓட்டுனியே. அப்பா பின்னாடியே ஓடியாந்தாரு."

"கடலு?"

"நாம ரெண்டு பேருந்தான போனோம்."

"மறந்துபோச்சுடி. எப்படி இருந்துச்சு, சொல்லு."

கடலையே பார்த்திராத தெய்வானை, அம்மாவின் வெறும் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

நல்லா இருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பெண்கள் தமக்கென்று போட்ட முடிச்சு அவர்கள் கையாலேயே அவிழட்டும்.