ஒரு பல் கூட, ஒரு பல் குறைய

காலையில் பவதாரிணி புருசனின் பைக்கை மெக்கானிக் சின்னான் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, செயின் ஓடுற முன் ஸ்ப்ராக்கெட்டுல ஒரு பல்லு குறைச்சு மாட்டுங்க, வேகம் குறையட்டும். போன வருசம் அவரு தம்பிய ரோட்டுல இருந்துதான் தூக்கிட்டு வந்தோம். அவருகிட்ட சொல்லிறாதீங்க.”

சாயங்காலம் அவள் புருசன் இம்மானுவேல் வந்தான்.

“வண்டி கத்துதே தவிர ஓட மாட்டேங்குதுண்ணே. ஒரு பல்லு கூட்டி மாட்டுங்க. அவளுக்குத் தெரிய வேண்டாம்.”

இப்படியே இருவரும் மாறி மாறி வந்ததில், குத்தவைத்துக் கழற்றி மாட்டியே சின்னானுக்கு இடுப்பு ஒடிந்துபோனது.

ஒரு மாதம் கழித்து உசிலம்பட்டி டீக்கடையில் இம்மானுவேல் அவனைப் பிடித்துக்கொண்டான்.

“கடைசியா மாட்டுனீங்களே, அதுதாண்ணே சரியான பல்லு. ஆக்சிலேட்டர முறுக்கவே வேண்டாம், லேசா தொட்டாலே பறக்குது.”

மறுநாள் பவதாரிணி கடைக்கே வந்து கும்பிட்டாள்.

“நல்லாயிருப்பீங்கண்ணே. கடைசியா நீங்க மாட்டுனதுல இருந்துதான் முறுக்காம, மெதுவா வாராரு.”

அவள் போனதும் சின்னான் சுவரைப் பார்த்தான். புருசனும் பெண்டாட்டியும் கடைசியாக வாங்கிக் கொடுத்த இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் உறை பிரிக்காமல் ஆணியில் தொங்கின.

கடைசி இரண்டு தடவையும், இடுப்பு வலி தாங்காமல், அவன் செயினுக்கு எண்ணெய் விட்டதோடு சரி.