கிளைவ் வீட்டுப் பெடல்

அந்தப் பொண்ணு மேசைக்கு அடியில மண்டி போட்டு உட்கார்ந்திருந்தா. ஒரு கை பெடல்கிட்ட, மடியில கீபோர்டு.

"ஏய்! அங்க என்ன பண்றே?"

நான் போட்ட சத்தத்துல, வெளிய டீ குடிச்சிட்டிருந்த கிளைவ் கோப்பையோட ஓடி வந்தார்.

நீங்களே சொல்லுங்க, யாருக்குத்தான் பத்திக்கிட்டு வராது?

எங்க கன்னமல்லா ஊர் விமான கிளப், வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு இலவசமா விமானம் ஓட்டக் கத்துக்கொடுக்குது. தேர்வு நடக்கறது கிளைவ் வீட்டு கராஜ்ல. பருத்தி வயலுக்கு மருந்தடிக்கிற விமானத்தை இருபத்தாறு வருஷம் ஓட்டினவர் அவர். ரிட்டயர் ஆனதும் ஒரு கம்ப்யூட்டர், மூணு திரை, ஒரு பழைய கார் சீட்டு, காலுக்கு ரெண்டு பெடல்னு கராஜையே காக்பிட் ஆக்கிட்டார். இடது பெடலை அழுத்தினா திரையில விமானத்தோட மூக்கு இடது பக்கம் திரும்பும். வலதுன்னா வலது. காலை எடுத்துட்டா நேரா போகணும்.

இந்த வருஷம் ரெண்டே பேர். தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஆட்டுப் பண்ணையிலேர்ந்து வந்த இந்தப் பொண்ணு டீகன். அப்புறம் என் மகன் ஃப்ளின். நான் கிளப் செயலாளர்தான், ஆனா மார்க் போடறது கிளைவ். நான் எழுதறதோட சரி. யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

முதல்ல டீகன். ஓடுபாதையில உருள ஆரம்பிச்சதுமே மூக்கு வலது பக்கம் ஓடிச்சு. இழுத்துப் பிடிச்சா. திரும்பவும் ஓடிச்சு. எப்படியோ தட்டுத் தடுமாறி இறக்கிட்டா.

"கிளைவ், பெடலோட நடு தப்பா இருக்கு. காலை எடுத்தாலே வலது பக்கம் இழுக்குது"ன்னா.

"காலையில நானே உட்கார்ந்து, என் காலாலேயே சரி பார்த்து வச்சதும்மா. பெடலைக் குறை சொல்லாதே."

பத்துக்கு நாலு.

"பொண்ணுக்கு வாய் மட்டும் நல்லா ஓடுது"ன்னு நானும் சொன்னேன். ஆமா, சொன்னேன்.

டீக்கு எல்லாரும் வெளிய போனோம். நான் செஞ்ச லாமிங்டன் கேக்கைக்கூட அவ தொடல. என்னடா ஆளைக் காணோமேன்னு உள்ள வந்து பார்த்தா, இந்தக் கூத்து!

"அடுத்தது ஃப்ளின்தானே மிஸஸ் ஹோகன், அதான்..."ன்னு இழுத்தா.

"அடுத்தது ஃப்ளின்னு தெரிஞ்சுதானே கை வச்சே! உனக்குக் கிடைக்கலன்னா அவனுக்கும் கிடைக்கக் கூடாது, அப்படித்தானே? பதினாறு வயசுல என்னா வயித்தெரிச்சல்!"

"இல்ல, நான்..."

"பேசாதே! தில்லுமுல்லு பண்றவங்களுக்கு இந்த கிளப்ல இடமில்ல. கிளம்பு."

அவ கிளைவைப் பார்த்தா. அவர் கோப்பைக்குள்ள பார்த்தார்.

வெளிய வண்டியில அவ அம்மா காத்திட்டிருந்தா. "போலாம்மா"ன்னது மட்டும் காதுல விழுந்தது. வண்டி கிளம்பிடுச்சு.

கிளைவ் உட்கார்ந்து ரெண்டு பெடலையும் அழுத்திப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. நேரத்துல பிடிச்சிட்டே நொரீன்"னார். எனக்குப் பெருமை தாங்கல.

பதினோரு மணிக்கு ஃப்ளின் உட்கார்ந்தான். கோடு போட்ட மாதிரி ஓடுபாதையில போச்சு விமானம். பூ மாதிரி இறக்கினான்.

"பெடலைத் தொடவே வேண்டாம்மா, தானா நேரா போகுது!"ன்னான்.

பத்துக்கு ஒன்பது. நான் அழுதே விட்டேன்.

எல்லாரும் தோட்டத்துல இறைச்சி சுடப் போயிட்டாங்க. மெஷினை அணைக்க நான் மட்டும் உள்ள வந்தேன். டீகன் மெஷின்ல திறந்து வச்ச பக்கம், ஃப்ளின் ஓட்டின விமானப் படத்துக்குப் பின்னால மூடாம அப்படியே கிடந்தது. 'பெடலின் நடு'ன்னு ரெண்டே வரி.

காலை எட்டு இருபது: இடது பெடல் பதினெட்டு, வலது பூஜ்யம்.

பத்து நாற்பத்திரண்டு: இடது பூஜ்யம், வலது பூஜ்யம்.

திரைக்கு மேல கிளைவே எழுதி ஒட்டின சீட்டு: 'நடுவைப் பதியும்போது காலை எடு.' எழுதினவர் எடுக்கல. சீட்டுல உட்கார்ந்தாலே பூட்ஸ் காலை இடது பெடல் மேல போட்டுக்கறது அவர் பழக்கம், ஊருக்கே தெரியும். அழுத்தின இடத்தையே மெஷின் நடுன்னு எடுத்துக்கிச்சு. அப்புறம் காலை எடுத்தா வலது பக்கம் ஓடாம என்ன செய்யும்?

அந்தப் பொண்ணு அந்தப் பெடலோட மல்லுக்கட்டித்தான் விமானத்தை இறக்கியிருக்கா.

பத்து நாற்பத்திரண்டு, நான் "ஏய்"னு கத்தின நேரம். அவளுக்கு மார்க் போட்டு முடிச்சாச்சு. அதுக்கப்புறம் சரி பண்ணி அவளுக்கு என்ன லாபம்? அடுத்து உட்காரப் போறவன் என் பிள்ளை.

அந்த ரெண்டு வரியை இன்னொரு தடவை படிச்சேன்.

வெளிய ஃப்ளின் போன்ல யாருக்கோ கத்திட்டிருந்தான். "நிஜ விமானம்டா! வர்ற மாசமே!"

கிளைவ் கதவுகிட்ட வந்து நின்னார். "நொரீன், அந்தப் பொண்ணை ஏன் நீக்கினோம்னு பதிவேட்டுல எழுதணுமே. அவ எதை மாத்தினான்னு மெஷின்ல ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல கிளைவ்"ன்னேன். சுவிட்சை அணைச்சேன்.

பதிவேட்டை எடுத்து, டீகன் பேருக்கு நேரா, குண்டு குண்டான கையெழுத்துல எழுதினேன்: 'தில்லுமுல்லு செய்ததால் நீக்கம்.'